வெயில் கிரீமுக்கு ஒரு நிபுணர்

"இந்த வீட்டுல இனிமே வெயில் கிரீம் வாங்கறது என் பொறுப்பு!"

திங்கட்கிழமை காலையில், வாயெல்லாம் பற்பசை நுரையோடு கலர்க்காரர் இப்படி அறிவித்தார். அடுக்களையில் டப்பா மூடிக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட பொறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. குழாய் ஒழுகினாலும் கூரை ஒழுகினாலும், "நீயே பார்த்துக்கோம்மா, உனக்குத்தான் ராசி" என்று நழுவிவிடுவார்.

"உடம்புக்கு எதாவது பண்ணுதா?" என்று கேட்டாள்.

"கிண்டலா? எந்தக் கிரீமா இருந்தாலும் அதுல இருக்கறது என்ன? துத்தநாகம், டைட்டானியம். நான் தினமும் மூட்டை மூட்டையா பார்க்கற சரக்கு. அதே வெள்ளையைத்தான் சுவத்துல அடிக்கறோம், அதே வெள்ளையைத்தான் மூஞ்சில பூசறோம். இந்த விஷயத்துல என்னை விட்டா உனக்கு யாரு இருக்கா?"

அதுவும் உண்மைதான். அவர் பெயிண்ட் கடையில் கலர் கலப்பவர். உடைந்த ஓட்டுத் துண்டையோ, கிழிந்த திரைச்சீலையின் ஓரத்தையோ கொண்டுவந்து கொடுத்தால், ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, அச்சு அசலாக அதே நிறத்தை டின்னில் கலந்து தந்துவிடுவார். கலர்க்காரர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஆனால் அவருடைய அக்கறைக்குக் காரணம் அதுவல்ல. காரணம், ஏரி.

பத்து வயது மகள் ஏரியில் படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் கடைசி நாள். ஒவ்வொரு பிள்ளையும் அப்பாவையோ அம்மாவையோ எதிர் சீட்டில் உட்காரவைத்து, நடு ஏரியில் மிதக்கும் சிவப்பு டிரம்மைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். துடுப்புப் போடுகிறவருக்கு முதுகுப்பக்கம்தான் வழி. போகிற திசை தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். மகள் யோசிக்கவே இல்லை. எதிர் சீட்டு அப்பாவுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். கலர்க்காரரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பின்னே? அப்பா இல்லாமலா?" என்று வாய்விட்டுவிட்டார்.

   ஆனால் அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். வாளித் தண்ணீரையே ஓரக்கண்ணால் பார்க்கிற ரகம். இந்த ரகசியத்தை இத்தனை வருஷமாக வீட்டில் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு.

நல்லவேளையாக, பயிற்சியாளர் ஒரு கயிற்றை வீசியிருந்தார். "ஏரியில நிழலே கிடையாது. எல்லாரும் வெயில் கிரீம் பூசிட்டு வரணும். மினரல் கிரீமா இருந்தா பிள்ளைங்க தோலுக்கு நல்லது." கலர்க்காரர் அந்தக் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சரியான கிரீம் கிடைத்தால்தானே ஏரி? கிடைக்கவிடாமல் செய்துவிட்டால்?

அன்று சாயங்காலம் மனைவி ஒரு டியூப் வாங்கி வந்தாள். நிபுணர் அதில் கொஞ்சம் பிதுக்கிக் கன்னத்தில் தேய்த்தார். பாதி முகம் புதுச் சுவர் மாதிரி ஆனது.

"இது கிரீம் இல்ல, பிரைமர். இதுக்கு மேல ரெண்டு கோட் கலர் அடிக்கணும்."

செவ்வாய்க்கிழமை இன்னொன்று வந்தது.

"வாசனை வருதே!"

"நல்ல வாசனைதானேங்க?"

"பிள்ளை தோலுக்கு வாசனை ஆகாது. வேண்டாம்."

புதன்கிழமை வந்ததைக் கையில் பூசி, குழாயடியில் காட்டினார். "பார், ஓடுது. தண்ணி பட்டா நிக்காத பெயிண்டை நான் கோழிக்கூட்டுக்குக்கூடக் குடுக்க மாட்டேன்." மனைவி வாக்குவாதமே செய்யவில்லை. "அப்படியா? சரிங்க" என்றாள். வியாழக்கிழமையும் ஒன்று தோற்றுப்போனது. என்ன குறை சொன்னோம் என்பது இப்போது அவருக்கே ஞாபகமில்லை.

இங்கே மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் மருந்து கம்பெனியில், டப்பா அடைக்கும் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறாள். மூடி சரியாக மூடியிருக்கிறதா, உள்ளே சீல் ஒட்டியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. ஊறுகாய் பாட்டிலானாலும் இருமல் மருந்தானாலும் கையில் எடுத்தால், மூடியைத் திருகி உள்ளே ஒரு பார்வை பார்க்காமல் வைக்கமாட்டாள். கலர்க்காரர் இதைச் சொல்லி எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை அவள் இரண்டு டியூப்களோடு வந்தாள்.

"இது எனக்கும் பாப்பாவுக்கும். இது உங்களுக்குன்னே தனியா, கலர் கலந்தது. வெள்ளையா அப்பிக்காது. வாசனை இல்ல. தண்ணில ஓடாது. துத்தநாகம் இருக்கு. உங்க கையைப் படம் எடுத்துட்டுப் போய், கடையில வெச்சுப் பார்த்து, உங்க நிறத்துக்கே எடுத்தேன். வேற என்ன வேணும்?"

கலர்க்காரர் டியூப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்ல ஒரு குறை அகப்படவில்லை. நிறம்கூட அவரே கலந்த மாதிரி கச்சிதம். 

"சோதனை பண்ணணும்" என்றார் கடைசியில். "கையில ஒரு ஓரமா தடவி ஒரு நாள் பார்க்கணும். ஒத்துக்கலைன்னா?"

"தாராளமா பண்ணுங்க."

டியூப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து அலமாரியில் வைத்தார்.

மறுநாள் கடையில் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில், கலர்க்காரர் தன் திறமையை எல்லாம் திரட்டினார். செங்காவி கொஞ்சம். மஞ்சள் ஒரு சொட்டு. தோலுக்கடியில் ரத்தம் கட்டினாற்போல் தெரிய ஒரு துளி ஊதா. முன்கையில் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒரு தடிப்பை உண்டாக்கினார். அவர் வாழ்நாளில் கலந்த கலர்களிலேயே அதுதான் சிறந்தது. யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியவில்லையே என்பதுதான் வருத்தம்.

"பார்த்தியா!" என்று வீட்டுக்குள் நுழையும்போதே கையை நீட்டினார்.

மனைவி அவரை ஜன்னலோரம் அழைத்துப்போய்ப் பார்த்தாள். "அடடா, தடிச்சிருக்கே. எரியுதா?"

"எரியுது."

"அரிக்குதா?"

"அரிக்குது."

"ரெண்டுமா?"

"மாத்தி மாத்தி."

அவள் அலமாரிக்குப் போனாள். டியூப்பை எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். "சரிங்க. நீங்க நாளைக்கு வர வேண்டாம். இந்தக் கையோட வெயில்ல நிக்கக் கூடாது" என்றாள்.

இவ்வளவு சுலபமாகவா? எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்ததில் கலர்க்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. அப்போது மகள் ஓடிவந்தாள். கையைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல், குளிர்ப்பெட்டியிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து வந்து, துணியில் சுற்றி, அந்தப் பெயிண்டுக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

"வலிக்குதாப்பா?"

"இல்லடா."

"பரவால்லப்பா. கை சரியாகட்டும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். 'இது சாயம்டா, அப்பாவுக்குத் தண்ணின்னா பயம்' என்று ஒரே மூச்சில் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. மகள் ஊதிஊதி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயம் மட்டும் அசையவில்லை, அவ்வளவு நல்ல சரக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் மகளும் கிரீம் பூசிக்கொண்டு தயாரானார்கள். காது மடலுக்கும் கழுத்தின் பின்பக்கத்துக்கும் மனைவி நிதானமாகப் பூசிவிட்டாள். மகளின் மூக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை தங்கியிருந்தது. கிளம்பும்போது மனைவி எல்லா ஜன்னல் திரைகளையும் இழுத்துவிட்டாள். "வெயில் படாம இருங்க" என்றாள்.

விடுதலை! கலர்க்காரர் காலை நீட்டிப் படுத்தார். தூக்கம் வரவில்லை. எழுந்து போய், பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துக் கையைத் துடைத்தார். சாயம் போனது. தின்னர் பட்ட இடம் இப்போது நிஜமாகவே எரிந்தது.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள் எதிரும் புதிருமாகக் கிடந்தன. ஒன்றின் இரண்டு பக்கமும் விளக்குமாறு. சில வாரங்களாகவே அப்படித்தான் கிடந்தன. ஏதோ விளையாட்டு என்று நினைத்து, காலியாக இருந்த நாற்காலியில் தினமும் சட்டையைக் கழற்றிப் போட்டுவந்தார். இன்றைக்கும் சட்டை அங்கேதான் கிடந்தது. அதை எடுத்தபோது, நாற்காலியின் முதுகில் மகள் ஒட்டிவைத்திருந்த காகிதம் கண்ணில் பட்டது. கோணல்மாணலாக எழுதியிருந்தாள்: 'அப்பா சீட்டு'.

இத்தனை நாளும் அவள் காலி நாற்காலியைப் பார்த்துத் துடுப்புப் போட்டுப் பழகியிருக்கிறாள்.  கலர்க்காரர் எடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியும் இல்லாமல் குடையும் இல்லாமல் தெருவில் இறங்கினார். பஸ்ஸைக் காணோம். உச்சி வெயிலில் பாதி தூரம் நடந்து, மீதி தூரம் ஓடி, ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முகமும் கழுத்தும், யாரும் கலக்காமலேயே, செங்காவி ஆகியிருந்தன.

கரையில் நிறைய அப்பாக்கள் ஈரக்காலோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் ஒரே ஒரு படகு மிச்சம். அவருடைய மகள். எதிர் சீட்டில் ஒரு மணல் மூட்டை. மூட்டைக்கு ஒழுங்காக லைஃப் ஜாக்கெட் மாட்டி, வாரெல்லாம் இறுக்கியிருந்தார்கள்.

"எதிர்ல கனம் இல்லாட்டி படகு ஒரு பக்கமா தூக்கிக்கும் சார்" என்றார் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர். "அவங்க அம்மா நான் ஏறறேன்னுதான் சொன்னாங்க. பாப்பா கேட்கல. அது அப்பா சீட்டாம்."

வழி சொல்ல ஆளில்லாததால் மகள் நாலு துடுப்புக்கு ஒரு தரம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படகு கோணலாகப் போனது. காற்று அவள் குரலைக் கரைக்குக் கொண்டுவந்தது. மூட்டையிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதப்பா. என்னையே பாரு. தண்ணியைப் பார்க்காத."

கலர்க்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவி எப்போதோ வந்து பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அவளுக்கு… தெரியுமா?"

"பாலத்துல போனா நட்ட நடு ரோட்டுல நடக்கறீங்க. தலைக்குத் தண்ணி ஊத்தறப்போ கத்தறது பக்கத்து வீடு வரைக்கும் கேக்குது. தெரியாம என்ன? எதிர் சீட்டுல உக்காந்தா அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே வரலாம், பயம் வராதுன்னு அவதான் கண்டுபிடிச்சா. உங்ககிட்ட சொல்லக் கூடாதாம். அப்பாவுக்கு வெக்கமா இருக்குமாம்."

கலர்க்காரர் தண்ணீர் விளிம்புக்கு ஓடினார். இப்போதாவது உதவலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கையை வீசிக் கத்தினார். "இந்தப் பக்கம்டா! இந்தப் பக்கம்!"

மகள் நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டாள். சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். துடுப்பு நழுவியது. படகு நேராகப் போய் டிரம்மில் 'டொம்' என்று மோதியது. மணல் மூட்டை மட்டும் கொஞ்சமும் பதறவில்லை.

எல்லாருக்கும் கடைசியாகக் கரை சேர்ந்தாள். ஓடிவந்து அவருடைய கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தாள்.

"ஐ! தடிப்பு போயிடுச்சே! இன்னொரு ரவுண்டு போலாமாப்பா?"

"போலாம்டா" என்றார். தண்ணீரைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துச் சொன்னார். 

பயிற்சியாளர் படகுகளைச் சங்கிலியில் கோத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுடுச்சு பாப்பா. இனிமே அடுத்த வருஷம்தான்."

மகள் தலையாட்டினாள். மணல் மூட்டையின் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து, திருப்பிக் கொடுக்கப் போனாள். அடுத்த வருஷம் அவளுக்குத் தனிப்படகு. எதிர் சீட்டே இருக்காது என்று கலர்க்காரருக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அப்போது தெரியாமலேயே அவர் கண் கலங்கியது. கண்ணீர், வெந்துபோன கன்னத்தில் இறங்கி எரிந்தது.

"மூஞ்சி எப்படிச் செவந்திருக்கு பாருங்க, உக்காருங்க" என்றாள் மனைவி. பையிலிருந்து அவருடைய டியூப்பை எடுத்தாள். வழக்கம்போல மூடியைத் திருகி உள்ளே பார்த்தாள். பிறகு அதை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். வெள்ளிக் காகித சீல், கம்பெனியில் ஒட்டியபடியே, ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. அதை நகத்தால் மெதுவாகக் கிழித்தாள்.

"திறக்காம இருந்தப்பவே உங்களுக்கு அந்தத் தடிப்பு தடிச்சுதே, இப்போ திறந்துட்டேன். தாங்குவீங்களா?"