பத்தில் ஒரு கரடி

கவலைப்பட ஒன்றும் இல்லாத நாளில், ஏன் ஒன்றும் இல்லை என்று கவலைப்படுகிறவள் நான்.

வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தைக் கணக்கிடுவது சம்பளப் பிடித்தத்துக்கு முன்பா, பின்பா என்று கேட்டு விழுப்புரத்தில் எங்கள் சபை ஆயரைப் பாடாய்ப் படுத்தியிருந்தேன். "இப்போ அப்படிச் சட்டம் ஒண்ணும் இல்லம்மா. மனசார முடிஞ்சத குடுங்க" என்றார். பத்தில் ஒன்று என்றால் கைப்பேசியே சொல்லிவிடும். மனசார என்றால் எத்தனை சதவீதம்?

இந்த நிலையில் பாப்பாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது. பரிசுகள் குவிந்தன. பரிசும் வருமானம்தானே?

"பாப்பா இன்னும் வேலைக்குப் போகலடி. ஆள உடு" என்றார் என் கணவர் சாமுவேல்.

எனக்கு மனம் கேட்கவில்லை. பொம்மைகளை வரிசையாக வைத்து எண்ணினேன். சரியாகப் பத்து. கொடுப்பதென்றால் சிறந்ததைத்தான் கொடுக்க வேண்டும். பெரியதே சிறந்தது என்று முடிவு செய்தேன். (அது கட்டிலில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.) ரோஸ் நிறக் கரடி அது. என் மாமியார் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டாராம். அதை அத்தை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வரும் பூசணி, கோழி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை எல்லாவற்றையும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். காலையிலேயே கரடியை அங்கே சேர்த்துவிட்டேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து நிற்கிறார் அத்தை.

கரடி மேசை ஏறியது.

"நம்ம பாப்பா கரடி மாதிரியே கீது பாரு. ஜோடி சேத்துடலாம்" என்ற அத்தை, "முந்நூறு" என்று குரல் கொடுத்தார்.

வீட்டில் ஜோடி எங்கே இருக்கிறது? நானே ஏலத்தில் எடுத்து, முன்னால் ஓடிப்போய்க் கட்டிலில் வைத்துவிட்டால் தப்பிக்கலாம். "நானூறு" என்றேன்.

"ஏம்மா, நான் கேட்டுக்கினு இருக்கறேன் இல்ல?"

"பரவால்ல அத்தை, நானே வாங்கிக்கிறேன்."

"ஐந்நூறு."

"அறுநூறு."

"மாமியாரா, மருமவளா? ஜல்தி சொல்லுங்க" என்றார் ஏலம் விட்டவர். நடந்தது எதுவும் தெரியாத சாமுவேல், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உட்டுடாதம்மா" என்று தன் அம்மாவை உற்சாகப்படுத்தினார்.

ஆயிரத்தில் அத்தை ஜெயித்தார். கரடியைத் தூக்கியவர் அதன் கன்னத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அங்கே ஒரு மைப்பொட்டு இருந்தது. கண் படக்கூடாதென்று, ஆயருக்குத் தெரியாமல் அத்தையே வைத்த பொட்டு.

"பிரிசில்லா, இது நான் வாங்கியாந்ததுதானே?"

பத்துப் பொம்மை, பத்தில் ஒன்று, சம்பளப் பிடித்தம் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். (அழுதேன் என்றும் சொல்கிறார்கள்.) அத்தை கரடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடையில ஒரு தபா, இங்க ஒரு தபா, ஒரே கரடிக்கு நான் ரெண்டு தபா துட்டு குடுத்துக்கீறேன். நீ என்னா குடுத்த?"

மனசார எவ்வளவு என்பது இன்றும் பிடிபடவில்லை. சம்பளத்தில் பத்தில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு பண்டிகைக்கும் முந்தின வாரம் திண்டிவனத்திலிருந்து போன் வந்துவிடும்.

"இந்த வருசம் வூட்லேந்து என்னாத்த தூக்கிக் குடுக்கப்போற? இப்பவே சொல்லிடு. அதுக்கேத்த துட்டோட வர்றேன்."