குளிர் எனக்குப் பிடித்துப்போன விவரம்

மிக்க மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இந்தத் தீவில் நானும் மகளும் நலம். தங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? இந்தக் கடிதம் தங்கள் தங்கை கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். அவள் நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவும்.

"ஆட்டு டாக்டர் வேலை நம்ம ஊர்ல இல்லாததா? அவகிட்டப் பேசி, கையோட கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித்தான் என்னை அனுப்பினாள். முப்பத்தோரு வருஷம் சாயப்பட்டறை பாய்லர் முன்னால் நின்ற உடம்பு இது. குளிரில் நான் படும் பாட்டைப் பார்த்தாவது பிள்ளை மனம் மாறுவாள் என்று நானும் நம்பித்தான் வந்தேன். படகை விட்டு இறங்கும்போதே காற்று என் குல்லாயைக் கொண்டுபோனது, மூன்று நாள் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு கிடந்தேன், நாலாம் நாள் காலையில் ஒரு பண்ணையில் ஆடு குட்டி போட முடியாமல் தவிக்கிறது என்று போன் வந்து மகளோடு வண்டியில் போனால் பாதி வழியில் சக்கரம் பனியில் புதைந்துவிட்டது, இறங்கித் தள்ளினேன், வண்டி போய்விட்டது, நான் முகங்குப்புற விழுந்துவிட்டேன். எழுந்திருக்க மனம் வரவில்லை, மச்சான். இத்தனை வருஷத்து அனலும் அப்போதுதான் உடம்பை விட்டுப் போனது போல இருந்தது. படுத்தபடியே சிரித்திருக்கிறேன். மகள் ஓடி வந்து, "அப்பா, தலைல அடி கிடி பட்டுச்சா? இது எத்தன வெரல்?" என்று கேட்டாள். சரியாகத்தான் சொன்னேன். அதற்கும் சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிற காற்றுக்காகவே சீக்கிரம் எழுந்துவிடுகிறேன். எட்டு மணி நேரம் தூக்கம், நேரத்துக்குப் பசி, முதுகு வலி போன இடம் தெரியவில்லை. ஏதோ பெரிய வியாதிக்கு அறிகுறியோ என்று மகளிடமே காட்டினேன். ஆட்டைப் பார்ப்பது போலவே கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லப்பா. சந்தோஷமா இருக்கீங்க, அவ்வளவுதான்" என்கிறாள். இந்த வயதில் அது திடீரென்று வருமா? தெரிந்த டாக்டர் யாரிடமாவது என் பெயரைச் சொல்லாமல் கேட்டு எழுதவும்.

ஆகவே தங்கையிடம் சொல்ல வேண்டியது: பிள்ளை இங்கே சௌக்கியமாக இருக்கிறாள், இத்தனை ஆடுகள் அவளை நம்பி இருக்கின்றன, இப்போது பிரித்துக் கூட்டிவருவது பாவம், துணைக்கு அப்பனும் ஆறு மாசம் இருக்கட்டும். குளிரில் நான் மிகவும் கஷ்டப்படுவதாகவும் சேர்த்துக்கொள்ளவும். குறுக்குக் கேள்வி கேட்டால், இருமல் வந்தது போல எழுந்து போய்விடவும்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். முக்கியமாக, இதைச் சொல்லி முடித்த பிறகு தாங்கள்.

இப்படிக்கு,
பயத்துடன்,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலையை விட்டுவிட்டாளாம். அடுத்த மாசப் படகில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பதிவு செய்தாகிவிட்டதாம். "எவ்வளவு நாள்தான்ப்பா இந்தக் குளிர்ல கெடக்கறது? அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க பேசித்தான் என் மனசு மாறுச்சுன்னு சொன்னேன். அவங்களுக்கு உங்களப் பத்தி ரொம்பப் பெருமை." நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, மச்சான். தாங்கள் தாய்மாமன், தாங்கள் சொன்னால் கேட்பாள். ஒரே ஒரு குளிர்காலம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லி அவளுக்குத் தனியாக எழுதவும்.