ஏற்கெனவே பேசிய நிலையம்

பேரழிவு வந்தால் மனித குலம் என்ன ஆகும் என்று கவலைப்படுகிறவர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம். அந்தப் பொறுப்பை நகர அமெச்சூர் வானொலிச் சங்கம் ஏற்றுக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன. பூமி பிளக்கட்டும், வெள்ளம் வரட்டும், தொலைபேசிக் கோபுரங்கள் சாயட்டும். சங்கத்தார் குன்றின் மேல் கூடாரம் அடித்து, ஜெனரேட்டரைக் கிளப்பி, கம்பத்தில் கம்பியைக் கட்டி உலகத்தோடு பேசிவிடுவார்கள். பேரழிவு மட்டும் ஒரு மாதம் முன்பே தேதி சொல்லிவிட்டு வரவேண்டும். சனிக்கிழமையாக இருந்தால் உத்தமம்.

இந்த உயிர்காக்கும் பணிக்கான ஒத்திகைதான் ஆண்டுதோறும் நடக்கிற வெளிக்களப் போட்டி. சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு முடியும். வெட்டவெளியில் உட்கார்ந்தபடி எத்தனை வானொலி நிலையங்களோடு பேசுகிறார்களோ அத்தனை புள்ளி. என்ன பேசினார்கள் என்பதற்குப் புள்ளி கிடையாது. அதனால் யாரும் எதுவும் பேசுவதில்லை. நீ யார், உன் சிக்னல் எப்படி, உன் வரிசை எண் என்ன, நன்றி, அடுத்தவர். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அது ‘அரட்டை’ என்று விதிமுறையில் சொல்லப்பட்டிருக்கிறது.

சிக்னலுக்கு மதிப்பெண் போடுவதிலும் சங்கத்தாரின் தாராள மனசைப் பாராட்டத்தான் வேண்டும். தெளிவுக்கு அதிகபட்சம் ஐந்து, வலுவுக்கு அதிகபட்சம் ஒன்பது. எல்லாருக்கும் ஐந்து-ஒன்பதுதான். “உங்க சிக்னல் ஐந்து-ஒன்பது, பிரமாதம். ஒண்ணுமே கேக்கலை, இன்னொரு தடவை சொல்லுங்க” என்பது இந்தத் துறையில் அன்றாடம் புழங்குகிற வாசகம். யாரும் சிரிப்பதில்லை.

இப்படிப்பட்ட சங்கத்துக்குச் செயலாளராக வாய்த்தவர் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் இழப்பீட்டுப் பிரிவு அதிகாரி. அவருடைய காது சங்கத்தின் பொதுச்சொத்து. பூமியின் அந்தப் பக்கத்தில் ஒருவர் ஜலதோஷத்தோடு பேசினால், அடைத்திருப்பது எந்த மூக்குத் துவாரம் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார் என்று தலைவர் பெருமைப்படுவார். தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு மட்டுமே பழகியவர். அதனால் காதை மதிக்கத் தெரிந்தவர்.

போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை செயலாளர் சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, கேபிள் முனைகளை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, மாத்தல் ஆர்டர் வந்துடுச்சு.”

“ம்.”

“அந்த ஊர்க் கூடத்துக்கு என்னையே தலைமை அதிகாரியாப் போடறாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள பதில் அனுப்பணும்.”

“ம்.”

“நான் போறதா முடிவு பண்ணிட்டேன். நீங்களும் வர்றீங்களான்னுதான் கேக்கறேன். உங்க கம்பெனிக்கும் அங்க கிளை இருக்கு, மாத்தல் கேட்டா குடுப்பாங்க. ரெண்டு பேர்னா வீடு தருவாங்க. ஒருத்தர்னா விடுதியில ஒரு ரூம்.”

“இந்த முனை சூடே பிடிக்க மாட்டேங்குது பாரு.”

“வர்றீங்களா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை.”

“போட்டி முடியட்டும்மா. நிதானமாப் பேசலாம்.”

“போட்டி ரெண்டு மணிக்கு முடியுது. எனக்குக் கெடு பன்னெண்டு மணி.”

“அதான் சொல்றேனே, முடிஞ்ச கையோட பேசிடலாம்.”

இதை வைத்து அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. மனைவி மேஜையை விட்டு எழுந்து போவதற்குள் அவர் மனதில் தீர்மானம் நிறைவேறிவிட்டது: போவது. அவள் இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மாற்றல் விண்ணப்பத்தில் முதல் வரி எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை யோசித்துவிட்டார். அதை மனைவியிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அது சின்ன வேலை.

சனிக்கிழமை காலை குன்றின் மேல் கூடாரம் எழுந்தது. எதிர்க்குன்றில் கழகத்தின் கூடாரமும் எழுந்தது. கழகம் என்பது சங்கத்திலிருந்து பிரிந்து போனவர்கள். கம்பத்தை வடக்கு மூலையில் நடுவதா தெற்கு மூலையில் நடுவதா என்ற கொள்கைப் பிரச்சினையில் பிரிந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய தலைவர் ஓர் ஆடிட்டர். பேரிடர் வந்தால் இரண்டு அமைப்புகளும் தோளோடு தோள் நின்று மக்களைக் காக்கும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. அதுவரை பைனாகுலரில் ஒருவர் கூடாரத்தை ஒருவர் வேவு பார்த்துக்கொள்வார்கள்.

ஒத்திகை நிஜம்போல இருக்கவேண்டும் என்பதற்காகத் தலைவர் எல்லாருடைய செல்போனையும் வாங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டினார்.

“வீட்டுலேர்ந்து அவசரமாக் கூப்பிட்டா என்ன சார் பண்றது?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

“நாம அவசரத்துக்குத்தான் வந்திருக்கோம். இங்க வந்து அவசரம்னு சொன்னா எப்படி?” என்றார் தலைவர்.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். அன்று பகலும் இரவும் அவர் காட்டிய உழைப்பை எழுத இடம் போதாது. இரைச்சலுக்குள் கையை விட்டுத் துழாவி, தொலைதூரக் குரல்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். பக்கத்திலிருந்த தலைவர் ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றினார். ஞாயிறு காலை பைனாகுலர்காரர் எதிர்க்குன்றின் புள்ளிப் பலகையைப் பார்த்துவிட்டு, இரு தரப்பும் சரிசமம் என்று அறிவித்தபோது கூடாரத்தில் டீ குடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

பதினோரு மணி வாக்கில் பக்கத்திலிருந்து வருவதுபோலக் கணீரென்று ஒரு பெண் குரல் கூப்பிட்டது. நிலையத்துக்குப் பெயர்போல இருக்கும் அழைப்புக் குறியின் கடைசி இரண்டு எழுத்தான கே, ஜே இரண்டையும் வானொலி முறைப்படி கிலோ ஜூலியட் என்று சொன்னது.

“கிலோ ஜூலியட், நீங்க ஐந்து-ஒன்பது. உங்க வரிசை எண்?”

“ஒண்ணு,” என்றது குரல். “என்னங்க, நான்தான்.”

வரிசை எண் ஒன்று என்றால், அன்றைக்கு அந்த நிலையம் பேசுகிற முதல் ஆள் இவர்தான் என்று பொருள். உண்மையில் அன்றைக்கு மட்டுமல்ல. சங்கத்தில் இருபது பேர் இருந்தால்தான் நகராட்சிக் கட்டடத்தில் அறை ஒதுக்குவோம் என்று அதிகாரிகள் சொன்ன காலத்தில், உறுப்பினர்களின் மனைவிமார் அத்தனை பேருக்கும் திடீரென்று வானொலியில் ஆர்வம் பிறந்தது. எல்லாரும் உரிமப் பரீட்சை எழுதினார்கள், எல்லாருக்கும் அழைப்புக் குறி வந்தது, அறையும் வந்தது, ஆர்வம் அத்தோடு அடங்கியது. செயலாளரின் மனைவியும் அப்படிப் பாஸானவள்தான். போன் அடித்து அடித்து அலுத்துப்போய், படுக்கையறை அலமாரியிலிருந்த பழைய வானொலி செட்டைத் தூசி தட்டி, அவர் அங்கே எழுதி ஒட்டியிருந்த குறிப்பைப் பார்த்து மொட்டைமாடி ஆன்டெனாவோடு இணைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கின் பொத்தானை அழுத்தியிருந்தாள்.

“நன்றி, கிலோ ஜூலியட். அடுத்தவர் வரலாம்,” என்றார் செயலாளர்.

“உங்க வீட்டம்மாவா?” என்றார் தலைவர், ஒரு புள்ளியை ஏற்றியபடி. “என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு. சங்கத்துக்கு ஒரு புள்ளி குடுக்கணும்னு தோணியிருக்கு பாருங்க.”

செயலாளருக்குப் பூரிப்பில் முகம் மலர்ந்தது. சங்கம் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது.

பன்னிரண்டு அடிக்கப் போகும் நேரத்தில் அதே குரல் மறுபடி வந்தது.

“கிலோ ஜூலியட். என்னங்க, பன்னெண்டு ஆகப்போகுது. வர்றீங்களா, இல்லையா?”

கணினித் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று குதித்து வந்தது. ‘ஏற்கெனவே பேசிய நிலையம்’ என்றது. ஒரு நிலையத்தோடு ஒருமுறைதான் பேசலாம்; இரண்டாவது முறைக்குப் புள்ளி இல்லை.

“டூப்ளிகேட்,” என்றார் தலைவர். “அனுப்பிடுங்க சார். பின்னாடி ஏதோ ஒரு தீவுக்காரன் ரொம்ப நேரமா முனகிட்டிருக்கான்.”

செயலாளரின் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. ‘வரேன்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அது அவருக்கும் தெரியும். ஆனால் மைக்கில் குடும்ப விஷயம் பேசினால் அரட்டை. தலைவர் பக்கத்தில். தீவு மங்கிக்கொண்டே போகிறது.

“கிலோ ஜூலியட், உங்களோட ஏற்கெனவே பேசியாச்சு. நன்றி. அந்தத் தீவு நிலையம், வாங்க.”

தீவுக்காரர் வந்தார். அவருக்கு ஐந்து-ஒன்பது கொடுத்தார். பெயர் புரியவில்லை, குறி புரியவில்லை, ஏழு தடவை திரும்பச் சொல்லச் சொல்லி, பொறுமையாக, ஒரு தாய்க்குரிய பரிவோடு கேட்டார். கடைசிவரை பிடிபடாமல் தீவு கடலுக்குள் போய்விட்டது.

இரண்டு மணிக்குப் போட்டி முடிந்தபோது சங்கம் ஒரே ஒரு புள்ளியில் வென்றிருந்தது. செயலாளரைத் தூக்கிக்கொண்டு கூடாரத்தைச் சுற்றினார்கள். கூடாரத்தைப் பிரித்து, கேபிளைச் சுருட்டி, வீடு போய்ச் சேர இருட்டிவிட்டது.

“பதில் அனுப்பிட்டேன்,” என்றாள் மனைவி. “விடுதி ரூம்.”

“ஜெயிச்சுட்டோம்,” என்றார் அவர். “உன் புள்ளியாலதான். தலைவர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.”

சண்டை போட வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார்.

அடுத்த வாரம் ரயிலில் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றவரிடம் அவள் சொன்னாள்: “மேலதிகாரிகிட்ட கேட்டு வெச்சிருக்கேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் அந்த வீட்டை வேற யாருக்கும் குடுக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் போயிடும். வர்றீங்களா?”

“கழகத்துக்காரன் நாம ஜெயிச்சது செல்லாதுன்னு புகார் குடுத்திருக்கான்மா. விசாரணை முடியட்டும்,” என்றார் செயலாளர். ரயில் கிளம்பிப் போனது.

புகார் இதுதான்: கடைசியில் வெற்றியைத் தீர்மானித்த அந்தத் தொடர்பு நடக்கவே இல்லை, பெண்டாட்டியின் அழைப்புக் குறியைச் செயலாளர் கூடாரத்தில் உட்கார்ந்தபடியே கள்ளத்தனமாக ஏற்றிக்கொண்டார். செயலாளர் துடித்துப் போனார். அவரை எதை வேண்டுமானாலும் சொல்லலாம். புள்ளி திருடியவர் என்று சொல்லலாமா?

மாதத்தின் கடைசி நாள் மாலை, சங்கத்தின் அறையில் விசாரணை கூடியது. நடுவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். வாயில்லாத ஜீவன்களிடமே உண்மையை வரவழைத்தவர் என்று பெயர். ஒரு பக்கம் சங்கத்தார், ஒரு பக்கம் ஆடிட்டரும் கழகத்தாரும். நடுவர் தன் செல்போனை மேஜை நடுவில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி செயலாளரின் மனைவியை அழைத்தார்.

“அம்மா, போட்டியன்னிக்கு சங்கத்தோட நிலையத்தை நீங்க கூப்பிட்டது உண்மையா?”

“உண்மைங்க. ரெண்டு தடவை கூப்பிட்டேன்.”

சங்கத்தார் மேஜையைத் தட்டினார்கள். ஆடிட்டரின் முகம் தொங்கிவிட்டது.

“அந்தப் பக்கத்துலேர்ந்து பேசினாங்களா?”

“பேசினாருங்க.”

“அப்போ தொடர்பு ஏற்பட்டதுன்னு எழுதிக்கலாமா?”



“அப்படி எழுத முடியாதுங்க,” என்றாள் அவள். “அவர் பேசினார், நானும் பேசினேன். நான் ஒரு கேள்வி கேட்டேன். இன்னிவரைக்கும் அதுக்குப் பதில் வரலை. இன்னிக்கு ராத்திரியோட அதுக்கும் கெடு முடியுது. தொடர்புன்னா அது வேறங்க.”

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இரு தரப்பும் மற்றவர் சொன்னதை வாங்கிக்கொண்டு பதில் தந்தால்தான் தொடர்பு என்ற விதியை உரக்கப் படித்தார். “தொடர்பு ஏற்படவில்லை. புள்ளி ரத்து,” என்றார். வெற்றி சமநிலையாகச் சுருங்கியது. கழகத்தார் கைதட்டினார்கள்.

“என்ன சார் இது, அநியாயமா ஒரு புள்ளி போச்சே,” என்று தலைவர் செயலாளர் பக்கம் திரும்பிப் பொரிந்தார். “அப்படி என்ன பெரிய கேள்வி? ஒரு வார்த்தை பதில் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

அறை முழுக்க செயலாளரைப் பார்த்தது. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. செயலாளர் எழுந்து மேஜை மேல் குனிந்தார். அந்தப் பக்கம் மனைவி காத்திருப்பது அவருக்குத் தெரிந்தது; அவள் மூச்சு விடுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி நடுவரைப் பார்த்துக் கேட்டார்:

“ஐயா, இப்போ பதில் சொன்னா அந்தப் புள்ளியைத் திருப்பிக் குடுப்பீங்களா?”