கோஷாவா வீசினால் நீலமாகிற கம்ப்யூட்டர்

மாப்பிள்ளை வுகாஷினுக்கு, டான்யூப் ஆற்றின் செமுன் கரையிலிருந்து மாமனார் மிலுட்டின் அநேக ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் தெசாங்காவும் சுகம். ஆறும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது, என் பழுப்புக் கம்பளிச் சட்டையைத்தான் எங்கு தேடியும் காணோம். ஹாம்பர்க்கில் நீங்களும் யாஸ்னாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, பார்க்க முடியவில்லை.

நீங்கள் அனுப்பிய கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு, திரையில் யாஸ்னா ஈரத்தலையோடு, முதுகுக்குப் பின்னால் ஜன்னலை அகலத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அடியே, குறுக்குக் காத்துடி, ஜன்னலச் சாத்து, கழுத்து புடிச்சுக்கும்" என்று தெசாங்கா சொல்லி முடிப்பதற்குள் திரை முழுக்க நீலம், அதில் ஒரு அழுமூஞ்சி. மகள் ஜன்னலைச் சாத்தினாளா இல்லையா என்று தெரியாமல் இவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நீலத்தின் மேல் கோபமே வரவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் டான்யூபில் இழுவைப் படகு ஓட்டினேன். அது ஒரு நாளும் நீலமாக இருந்ததில்லை, கலங்கிய காபி நிறம்தான். இங்கே வீட்டுக்குள்ளேயே, அலையில்லாமல், கரையில்லாமல் ஒரு நீல ஆறு. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், அக்கரையில் யாஸ்னா சின்னப் பெண்ணாக நின்று கையாட்டுவதுபோல் இருக்கும். நானும் கையாட்டுவேன். "ஏ மனுஷா, மறுபடியும் ஆறு பாக்குறியா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்ததும் அக்கரை மறைந்துவிடும்.

நீங்கள் தொலைபேசியில் சொன்னபடியே எல்லாம் செய்தோம். டிவி ரிப்பேர் பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு ஸ்பாசோயேவைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து, மெமரியைக் கழற்றி, "வீட்டு ராக்கியா இருக்கா? எதுக்கும் அதுதான் மருந்து" என்றார். அந்தப் பழச்சாராயத்தைப் பஞ்சில் தொட்டு மெமரியில் ஒரு துளி தடவித் துடைத்தார், மீதிப் புட்டி அவருக்குள் போயிற்று. கம்ப்யூட்டர் மூன்று நாள் சிட்டாய்ப் பறந்தது. பிறகு கோஷாவா வீசத் தொடங்கியது, நீலமும் வந்தது. அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. ஆற்றோடு ஏறி வரும் அந்தக் காற்று வீசுகிற நாளில்தான் நீலம் வருகிறது. காற்று ஓய்ந்தால் இதுவும் தேறிவிடுகிறது. "கரண்டு கம்பி ஆடுதுய்யா" என்றார் ஸ்பாசோயே. காற்று எதையோ கேட்க வருகிறது, பெட்டி பயந்து நிறம் மாறுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது.

நேற்று கோஷாவா ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தபோது, ஒயரைப் பிடுங்க மேஜைக்கு அடியில் நுழைந்தேன். காணாமல் போன என் கம்பளிச் சட்டை அங்கே இருந்தது. பெட்டிதான் அதைப் போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் இப்போது சுட்ட ரொட்டிபோலக் கொதிக்கிறது. தெசாங்காவைக் கேட்டால் அசரவே இல்லை. "காத்தடிக்கிற நாள்ல மட்டும்தான் போட்டு விடுறேன். பின்னாடி கை வச்சுப் பாரு, ஓட்டை வழியா சில்லுன்னு ஊதுது. மனுஷனுக்கே இடுப்புல காத்துப் பட்டா கிட்னி போயிடும். இது வாயில்லாத ஜீவன்." சூடான காற்று வெளியே போகத்தான் அந்த ஓட்டை என்று விளக்கினேன். "உனக்கும் சட்டையில்லாம இருக்கத்தான் புடிக்கும்" என்றாள்.

சட்டையைக் கழற்றினேன். அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. ஆகவே, "சரியாகலேன்னா ஈஸ்டர் லீவுல நாங்களே வந்து பாக்குறோம் மாமா" என்று நீங்கள் சொன்னதற்கு இனி அவசியமில்லை. நினைத்தபடி கடற்கரைக்கே போய் வாருங்கள். யாஸ்னா இங்கே வந்து மூன்று கோடை ஆயிற்று என்பதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. கையும் வாழ்வும் நிறைந்து இருவரும் நீடூழி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மிலுட்டின்

பி.கு.: உறையில் போடுமுன் தெசாங்கா இதைப் படித்துவிட்டாள். இன்று வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. ஆனாலும் சட்டையை எடுத்துப் போய்ப் பெட்டிக்கு மாட்டிவிட்டாள். மேல் பித்தானை மறந்துவிட்டாள், அதை நான் போட்டேன். இப்போது இருவரும் நாற்காலி போட்டு நீலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வியாதி முற்றிவிட்டது மாப்பிள்ளை, ஈஸ்டருக்கு அவசியம் வரவும். யாஸ்னாவையும் அழைத்து வரவும், ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை இது.