கட்டிலுக்குக் கீழே கோதுமை பியர்

பொறுமை இல்லாதவர்கள் வீட்டில் பியர் காய்ச்சக் கூடாது. மாமனார் வந்து தங்கியிருக்கும்போது காய்ச்சவே கூடாது. இந்த இரண்டையும் ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்ட பெருமை எனக்குண்டு.

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வேலையிடத்துக் கோடை விழாவுக்கு ஒவ்வொருவரும் தாங்கள் காய்ச்சிய பியரைக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். "கோதுமை பியர்தானே, நான் காய்ச்சுறன்" என்று வாயை விட்டுவிட்டேன். (இடியப்பமே ஒழுங்காக வராத கை இது.) பத்து நாளாவது புளிக்கவிட வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. ஐந்தாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து மாமாவும் மாமியும் வருகிறார்கள். மாமா கோயிலே கதியென்று இருப்பவர். கள்ளின் வாடைகூட ஆகாது. அதனால் நாலாம் நாளே, சம்பலுக்கு உப்புப் போடுவதுபோலக் கண்ணளவில் சீனி போட்டு, இருபத்துநாலு போத்தலில் அடைத்தேன். ஒளிக்க இடம் இல்லை. விருந்தினர் அறைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

அறையைக் கூட்டும்போது மாமி கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை இவ்வளவு போத்தல்?"

"வினாகிரி, மாமி."

"அம்மாடி! ஊறுகாய்க் கடை போடப்போறியோ?"

அவர்கள் வந்த மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாமா கண்ணயர்ந்திருந்தார். நானும் மாமியும் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். டமார்! வீடே அதிர்ந்தது. தொடர்ந்து இன்னும் இரண்டு.

"ஷெல்! எல்லாரும் குப்புறப் படுங்கோ!"

கத்தியபடியே மாமா அறையிலிருந்து பாய்ந்து வந்து நடையில் விழுந்தார். மாமி அகப்பையோடு தரையில். என் காலைப் பிடித்து இழுத்து என்னையும் வீழ்த்தினார். ஜெர்மனியில் பிறந்து, சண்டைக்காலத்து ஷெல்லடியைக் கண்டிராத எனக்கு அப்படிப் படுத்துப் பழக்கமில்லை. வெடிப்பது என்னவென்று அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். ஆனால் சொன்னால் பியர் கதை வெளிவந்துவிடும். மாமா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கிடப்பதைக் கண்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெடிச் சத்தம் ஓய்ந்தது. அறை வாசலால் நுரை மெல்ல வழிந்து வந்து மாமாவின் தாடியைத் தொட்டது. அவர் மோந்து பார்த்தார்.

"பிள்ளை, உன்ர வினாகிரி ஏன் வாழைப்பழம் மணக்குது?"

"மாமா... அது கோதுமை பியர், அப்பிடித்தான் மணக்கும். நான்தான் காய்ச்சினனான். முழுசாப் புளிக்க முன்னம் அடைச்சதில காஸ் ஏறி வெடிச்சிட்டுது."

அவர் எழும்பி உட்கார்ந்து, தாடியில் பட்ட நுரையை முகம் சுளித்துத் துடைத்தார். ஷெல்லுக்குக்கூட அவர் முகம் அப்படிப் போகவில்லை. துடைத்துவிட்டுக் கேட்டார்:

"கடையில விக்கிறதும் இப்பிடித்தான் வெடிக்குமோ?"

படுத்தபடியே மாமி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். மாமா முறைத்தார். பிறகு அவராலும் சிரிப்பை அடக்க ஏலாமல் போயிற்று. வேலையால் வந்த என் கணவர், சைக்கிள் ஹெல்மெட்டும் குளிர் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு மிச்சப் போத்தல்களைப் பல்கனிக்குக் கடத்தினார். கோடை விழாவுக்கு நான் வடை கொண்டுபோனேன்.

மாமா இப்போது ஊரில். எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் வீடியோவில் என்னை அழைத்து, பந்தியில் இருப்பவர்களுக்கெல்லாம் காட்டுவார்:

"இவதான் என்ர மருமகள். நாட்டில அவ்வளவு ஷெல்லுக்கும் தப்பின எனக்கு, ஜெர்மனியில வைச்சு ஷெல் அடிச்சவ."