வள்ளம் (மாதிரி) – 1

முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளலைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். வள்ளம் கேட்டவருக்கு விமானம் கொடுத்த வள்ளலை இன்னும் போடவில்லை. கல்வி அதிகாரிகள் விட்ட அந்தப் பெருங்குறையை நான் இங்கே நிவர்த்தி செய்கிறேன்.

வள்ளம் கேட்டவர் என் கணவர் கனகசிங்கம். ஊர் மட்டக்களப்பு ஆரையம்பதி. சுனாமி எங்கள் மீன்பிடி வள்ளத்தை எடுத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டுப் போனது. அடுத்த மாதமே 'கரை சேர்க்கும் கரங்கள்' என்ற நிறுவனம் குளிரூட்டிய வாகனத்தில் வந்து சேர்ந்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம். வெளிக்கள உத்தியோகத்தர் சுலோஜனா பட்டியல் எடுத்தார்.

"ஐயாவுக்கு என்ன தேவை?"

"வள்ளம் புள்ள."

"அது வாழ்வாதாரம். மூண்டாம் கட்டம். இப்ப நடக்கிறது முதலாம் கட்டம், மனசு."

"மனசெல்லாம் வள்ளத்திலதான் புள்ள கிடக்கு."

"அதைத்தான் ஐயா நாங்க கழட்டி எடுக்கப்போறம்."

மனதைக் கழற்றும் கருவி ஒரு பெட்டியில் வந்தது. மூடியில் போர் விமானம் ஒன்று முகிலைக் கிழித்தது. உள்ளே பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்கின இறகு, வால், சில்லு, விமானி. ஒரு பசைக் குழாய். பெருவிரல் அளவில் பெயின்ற் டப்பிகள். துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பொம்மை விமானம்; அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்காம். வெளிநாட்டில் பெரிய மனிதர்கள் எல்லாம் ஓய்வில் இதைத்தான் ஒட்டுகிறார்களாம். மனம் ஆறுமாம். வானத்தில் கிபிர் விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போகிற என் கணவர், அதே கட்டிலில் சப்பாணி கொட்டி இருந்து குண்டு போடும் விமானத்துக்கு இறகு ஒட்டினார். இதற்குப் பெயர் 'ஆற்றுப்படுத்தல்'.

நகவெட்டியால் துண்டுகளைக் கழற்றினார். அரத்தாளால் தேய்த்தார். இரண்டு பாதி உடலையும் சேர்த்து றப்பர் வளையம் போட்டார். பிறகு அந்தப் பொருத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னம், இதால தண்ணி போகும் கா."

"அது விமானமெல்லுவா?"

"எதெண்டா என்ன? என்ட கைப்பட்ட பொருத்து ஒழுகப்படா."

வள்ளத்துக்குப் பூசும் குங்கிலியத்தை ஊசி முனையால் எடுத்துப் பொருத்தெல்லாம் அடைத்தார். வர்ணம் காய்ந்ததும் பெரிய சருவச் சட்டித் தண்ணீரில் மிதக்க விட்டு, ஒரு பகல் முழுக்கக் காவல் இருந்தார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. உலக விமானக் கலைக்கு மட்டக்களப்பு வாவி ஆற்றிய பங்களிப்பு அது.

ஒன்றரை வருடத்தில் பதினொரு விமானம் அலுமாரிக்கு மேல் நின்றன. சுலோஜனா வருவார், படம் எடுப்பார். "ஐயாட மனசு எண்பது வீதம் முன்னேறியிருக்கு" என்பார்.

"வள்ளம் புள்ள?"

"அடுத்த காலாண்டு ஐயா."

கடைசியாக ஒரு படிவம் கொண்டுவந்தார். 'வள்ளம் (மாதிரி) – 1' என்றிருந்தது.

"மாதிரி எண்டா என்ன புள்ள?"

"நீங்க ஒட்டுறதுதான் ஐயா. மாதிரி விமானம். படிவத்தில விமானத்துக்கு இடமில்ல. அதால மேலிடத்தில வள்ளத்துக்கு நேர போட்டிருக்காங்க."

என்ன நிர்வாக நுட்பம்! கணவர் கையொப்பம் வைத்தார். திட்டம் 'வெற்றிகரமாக நிறைவுற்றது'. வாகனம் திரும்பி வரவில்லை.

2007இல், இயக்கத்திடம் விமானம் இருக்கிறது என்று நாடு முழுக்க அறிந்த பிறகு, எங்கள் ஒழுங்கையில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பு. பதினொரு விமானத்தையும் ஒரு பெட்டியில் போட்டார்கள். கணவரை ஒரு ட்ரக்கில் போட்டார்கள். நான் பின்னாலேயே போய் முகாமில் விசாரணை அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரிக்குத் தமிழ் நன்றாக வந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"எத்தனை விமானம்?"

"பதினொண்டு சேர்."

"ஆர் கட்டினது?"

"நான்தான் சேர். தனிய."

"பறக்குமா?"

"பறக்காது சேர். மிதக்கும்."

பேனா நின்றது.

"தண்ணியிலயா?"

"ஓம் சேர்! ஒரு பகல் முழுக்க விட்டுப் பாத்தன். ஒரு சொட்டுப் போகல்ல."

கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. யாரோ மெதுவாக, "கடல் விமானம்" என்றார்கள். நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாத மனிசன்!

நிறுவனம் உறுதிப்படுத்தினால் விடுவோம் என்றார்கள். மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து பதில் வந்தது. கூடவே பளபளவென்று ஒரு நிறைவு அறிக்கை. அதிகாரி வாசித்தார்.

"'திரு. கனகசிங்கத்துக்கு நாம் விமானம் எதுவும் வழங்கவில்லை. வள்ளம் ஒன்று வழங்கினோம். கையொப்பம் இணைக்கப்பட்டுள்ளது.' இது உன்ட கையெழுத்தா?"

"என்டதான் சேர். ஆனா அது மாதிரி..."

"எது மாதிரி?"

"வள்ளம் மாதிரி, சேர். விமானம்."

அதிகாரி பெருமூச்சு விட்டது வாங்கு வரைக்கும் கேட்டது.

"இஞ்ச பார். வள்ளம் வாங்கினவன் எண்டா நீ மீன்பிடிகாரன், வீட்ட போகலாம். விமானம் வாங்கினவன் எண்டா கொழும்புக்கு அனுப்புவம். எது?"

வள்ளத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்த மனிதர்; கிடைத்துவிட்டதென்று சொல்ல அவருக்கு வாய் வருமா? நான் எழும்பிப் போய்க் கதவைத் தள்ளினேன்.

"வள்ளம் சேர்! இவர் வாங்கினது வள்ளம்!"

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று நாள் தாடி.

"அன்னம், அப்ப நமக்கு இனி வள்ளம்..."

"முதல்ல நீங்க வாங்க."

'வள்ளம் பெற்றுக்கொண்டேன்' என்று கணவர் எழுதிக் கையொப்பம் வைத்தார். விமானங்களைச் 'சான்று' என்று வைத்துக்கொண்டு, அறிக்கையை எங்களிடம் தந்தார்கள்.

2009இல் யுத்தம் முடிந்தது. சமாதானத்தின் முதல் கடிதம் கடற்றொழில் கந்தோரிலிருந்து கணவர் பேருக்கு வந்தது. 'தாங்கள் பெற்ற வள்ளத்தை இதுவரை பதிவு செய்யாதது குற்றமாகும். வள்ளத்துடன் சமுகமளிக்கவும்.' அவர் இனி எந்த மேசைக்கு முன்னாலும் நிற்கமாட்டேன் என்றுவிட்டார். அறிக்கையை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

"வள்ளம் எங்க அம்மா?" என்றார் மேசையில் கோப்போடு இருந்த லிகிதர்.

"இதுக்குள்ள இருக்கு மனே. இருபத்திமூண்டாம் பக்கம்."

"அறிக்கையைப் பதிய ஏலாதும்மா. வள்ளம் வேணும்."

"எங்களுக்கும் அதுதான் வேணும்."

லிகிதர் யோசித்தார். கந்தோர் யோசிக்கும் நேரத்தில்தான் நாடு முன்னேறுகிறது.

"அப்ப ஒண்டு செய்வம். வள்ளம் களவு போயிட்டெண்டு பொலிசில ஒரு முறைப்பாடு போட்டுட்டு, அந்தத் துண்டைக் கொண்டு வாங்க. ஆரிலயும் சந்தேகமெண்டா அதையும் சொல்லுங்க. ஆளைத் தெரியுமா?"

"தெரியும் மனே" என்று அறிக்கையின் முதல் பக்கத்தை விரித்தேன். நிறுவனத்தின் பணிப்பாளர் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டு நின்றார். "படமும் இருக்கு. பேரும் கீழ அச்சடிச்சிருக்கு."