ஜீப் போகணும், இல்ல நான் போகணும்

இந்தத் தீபாவளிக்குள்ள ஒண்ணு அந்த ஜீப் வீட்டை விட்டுப் போகணும், இல்ல நான் போகணும். முடிவு பண்ணிட்டேன். பொண்டாட்டி வசந்தினிகிட்ட சொன்னதும், நீங்க எத்தனை மணிக்குக் கிளம்புறீங்கன்னு கேட்டா.

நான் ஸ்கூடாய் யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் படிக்கிறேன். முப்பத்திரண்டு வயசுல. ஆராய்ச்சியே வண்டி சஸ்பென்ஷன் பத்திதான். அவ குளுவாங் பக்கம் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துல அதிகாரி. அந்தக் கிழட்டு ஜீப் அவளுக்கு. மழையில நனைய மோட்டார்சைக்கிள் எனக்கு.

ஜீப்போட முன் சக்கரம் ரெண்டையும் ஒரே இரும்புத் தண்டு கட்டிப்போட்டிருக்கு. சாலிட் ஆக்சில். ஒண்ணு கல்லுல ஏறினா இன்னொண்ணும் சேர்ந்து ஆடும். அதுல கோயிலுக்குப் போனா, சாமிகிட்ட என்ன கேக்க வந்தோம்னே மறந்துடும். புது பிக்கப்ல முன் சக்கரம் ஒவ்வொண்ணும் தனித்தனியா ஏறி இறங்கும். மனுஷன் உக்காரலாம். இதை வித்து அதை வாங்கலாம்னு கிராஃப் போட்டு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன்.

"இதுல லாரித் தடம் எங்க?"ன்னு கேட்டா.

"எந்த லாரி?"

"எங்க தோட்டத்துல செம்பனைக் குலை ஏத்துற லாரி. மழை பெஞ்சா ரெண்டு பக்கமும் முழங்கால் பள்ளம், நடுவுல மேடு. உங்க கிராஃப் அதுல போகுமா?"

"நான் ஓட்டினா போகும்."

பந்தயம். சனிக்கிழமை ஆபீஸ்லேர்ந்து ஒரு பிக்கப் கொண்டு வர்றேன்னா. அந்த லாரித் தடத்துல, தோட்டத்துக் கடைசியில இருக்கிற பம்ப் ஹவுஸ் வரைக்கும் நான் போயிட்டா ஜீப்பை விக்கலாம். மாட்டிக்கிட்டா, ஜீப்தான் சிறந்த வண்டின்னு எழுதிக் கையெழுத்து போடணும்.

சனிக்கிழமை போனேன். சொகம்னா சொகம். ரேடியோகூட போட்டேன். பள்ளத்துல இறங்கினதும் சஸ்பென்ஷன் அமுங்குச்சு, வண்டி வயிறும் கூடவே இறங்குச்சு, நடு மேட்டுல எருமை மாதிரி படுத்துக்கிச்சு. சக்கரம் நாலும் சேறு வாரி இறைக்குது. பின்னாடி அவ ஓட்டின ஜீப் அதே பள்ளத்துல ஆடி ஆடி வந்துச்சு. அந்த இரும்புத் தண்டு மட்டும் அமுங்கவே இல்ல, நடு மேட்டுல உரசாம வந்துடுச்சு. கயிறு கட்டி என்னை இழுத்துப் போட்டா. சிரிக்கக்கூட இல்ல. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜீப் பானெட் மேலயே பேப்பரை வச்சு எழுதினேன். தேதியும் போட்டேன்.

பேப்பரை மடிச்சு பைக்குள்ள வச்சுக்கிட்டு சொன்னா, "சரி, சிறந்த வண்டியை நீங்களே வச்சுக்கங்க. இனி மழையில மோட்டார்சைக்கிள் வேணாம். சும்மா குடுத்தா வாங்கியிருக்க மாட்டீங்க."

"அப்ப நீ?"

பிக்கப் சாவியை ஆட்டிக் காட்டினா. பதவி உயர்வோட போன வாரமே கம்பெனி அவளுக்குக் குடுத்த வண்டியாம்.

"இது இந்தப் பாதையில போகாதே?"

"போகும்லா. பள்ளத்துல ஏன் இறங்குறீங்க? ஒரு சக்கரத்தை மேட்டுல வச்சு, இன்னொண்ணை ஓரத்துல வச்சு ஓட்டணும்."

ஓட்டினா. பம்ப் ஹவுஸ்கிட்ட நின்னு ரெண்டு தடவை ஹாரன் அடிச்சா.

மழை பிடிச்சுக்கிச்சு. சிறந்த வண்டியில குலுங்கிக் குலுங்கிப் பின்னாடியே போனேன், நனையாம.